மெல்ல ஏறும்போது கொதிக்கும் எஞ்சின்



சென்ற மாத உரை முடிந்ததும் நேயர் ஒருவர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். அவருடைய ஃபோர் வீல் டிரைவ் வாகனம் நெடுஞ்சாலையில் 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது ஒரு குறையும் காட்டுவதில்லையாம். மலைப்பாதையில் மெல்ல ஏறும்போது மட்டும் சூட்டுமானியின் முள் மேலே போகிறதாம். "தெர்மோஸ்ற்றாற்றை மாத்தினால் சரி வருமோ, அண்ணை?" என்று கேட்டார்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதற்குக் கொடுத்த விலையின் தழும்பு இன்றும் என் வலது கையில் இருக்கிறது. ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் எஞ்சின் எப்படிக் குளிர்கிறது என்று பார்ப்போம். நாம் ஊற்றும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கூலன்ற் என்ற குளிர்நீர்க் கலவை சுமந்துகொண்டு றேடியேற்றருக்குப் போகிறது. அங்கே காற்று அந்தச் சூட்டைப் பறித்துக்கொள்கிறது. ஆக, நீர் ஓடவேண்டும், காற்றும் ஓடவேண்டும். இரண்டில் எது தடைப்பட்டாலும் எஞ்சின் கொதிக்கும். எது தடைப்பட்டது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

இனி என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன், ஒக்டோபர் பாடசாலை விடுமுறையில், அடிலெய்டில் இருந்து ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குப் போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மச்சான். போவதற்கு ஒரு மாதம் முன்புதான், மேடு ஏறும்போது சூடாகிறது என்று சொல்லி ஒரு கராஜில் தெர்மோஸ்ற்றாற்றை மாற்றியிருந்தேன். பிறகு நெடுஞ்சாலையில் ஓடிப் பார்த்தேன், முள் அசையவில்லை. திருத்தியாயிற்று என்று நம்பிவிட்டேன். நெடுஞ்சாலையில் அது முன்னரும் சூடானதில்லை என்பதை யோசிக்கவில்லை.

முதல் நாள் ஒரு பண்ணைப் பாதையில் ஓடினோம். இரண்டு சில்லுத் தடங்களுக்கும் நடுவே இடுப்பளவு காய்ந்த புல். அடுத்த நாள் பிரச்சினா கணவாய். காய்ந்த ஆற்றுப்படுகையின் கற்களுக்கு மேல் லோ றேஞ்சில், நடை வேகத்தில் போகவேண்டிய இடங்கள் அங்கே உண்டு. வெயில் 33 பாகை. ஏ.சி. முழுதாகப் போட்டிருந்தது. முள் சிவப்பைத் தொட்டது, முன்மூடியின் ஓரத்தால் ஆவி வந்தது. உடனே நிறுத்தினேன். அதுவரை செய்தது சரி.

பதினைந்து நிமிடம் பொறுத்தேன். போதும் என்று நினைத்து, துணியைச் சுற்றிக்கொண்டு றேடியேற்றர் மூடியைத் திருகினேன். அடுத்த கணம் கொதிநீர் என் முன்கையில் அடித்தது.

நேயர்களே, ஏன் அப்படி நடந்தது என்பதை அறிந்திருப்பது முக்கியம். அந்த மூடி வெறும் மூடியல்ல. உள்ளே ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் மேலதிக அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 பாகையை அண்டித்தான் கொதிக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழுகிறது. 110 பாகையில் இருக்கும் நீர் அந்த இடத்திலேயே ஆவியாகப் பொங்குகிறது. எத்தனை துணி சுற்றினாலும் அது காக்காது. மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்கவேண்டும், அமத்தினால் அது இளகவேண்டும். அதுவரை மூடியில் கை வைக்கக்கூடாது. ஒரு மணித்தியாலம் ஆனாலும் ஆகட்டும்.

மச்சான் பற்பசையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். மனைவி தடுத்து, தண்ணீர்க் கேனைத் திறந்து என் கையில் ஊற்றினா. சுட்ட இடத்துக்கு 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் என்பதுதான் சரியான முதலுதவி. எங்களிடம் இருந்தது 10 லீற்றர் கேன் இரண்டு. ஒன்று கைக்கே முடிந்துவிட்டது. மற்றதை நான் றேடியேற்றருக்கு எடுக்கப் போனபோது அவ சொன்னா: "பிள்ளையளுக்குக் குடிக்க இதுதான் இருக்கு. வாகனம் பிறகு பாப்பம்." அந்த இடத்தில் தொலைபேசி எடுக்கவில்லை. ஐந்து பேர், 10 லீற்றர். வாகன நிழலில் உட்கார்ந்துவிட்டோம்.

ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தின் பின் வயதான தம்பதியினர் தங்கள் வாகனத்தில் வந்தார்கள். அந்தப் பெரியவர் ஓய்வுபெற்ற விவசாயி. அவர் முன்மூடிக்குள் பார்க்கமுன்னர் ஒரு கேள்விதான் கேட்டார்: "விரைவாக ஓடும்போது சூடாகிறதா, மெதுவாக ஓடும்போதா?" மெதுவாக என்றேன். "அப்படியென்றால் தண்ணீரை விடு, காற்றைத் தேடு" என்றார்.

அதுதான் திறவுகோல். நெடுஞ்சாலையில் ஓடும்போது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிர்விக்கும். மின்விசிறி வேலை செய்யாவிட்டாலும் தெரியாது. நடை வேகத்தில் எதிர்க்காற்று இல்லை, லோ றேஞ்சில் எஞ்சினோ வேகமாகச் சுழல்கிறது. அப்போது விசிறி ஒன்றுதான் துணை.

முன்னால் இருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் ஏ.சி.யின் கொண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. அதற்குள் புல் விதையும் புழுதியும் பாய் பின்னினமாதிரி அடைத்திருந்தன. பெரியவரும் மச்சானும் மேல் தகட்டைக் கழற்றினார்கள். மகளின் வர்ணத் தூரிகையால் கிளறி, ரயருக்குக் காற்றடிக்கும் பம்பால் எஞ்சின் பக்கத்தில் இருந்து முன்னோக்கி ஊதினார்கள். எப்போதும் அந்தத் திசையில்தான் ஊதவேண்டும். முன்னால் இருந்து ஊதினால் குப்பை இன்னும் உள்ளே இறுகும். வீட்டில் தண்ணீர் அடிப்பதானாலும் மெல்லவே அடியுங்கள். அழுத்தம் கூடினால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் பெரியவர் தந்த தண்ணீரை ஊற்றினோம். சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்போ அலுமினியமோ வெடிக்கலாம். மாலை வெயில் தணிந்ததும் புறப்பட்டு ஹோக்கர் பட்டினத்துக்கு வந்து சேர்ந்தோம்.

அடிலெய்டில் இன்னொரு மெக்கானிக் பார்த்தபோது இரண்டாவது குறையும் தெரிந்தது. விசிறியின் நடுவே உள்ள விஸ்கஸ் கப்ளிங்கில் இருந்த சிலிக்கன் எண்ணெய் ஒழுகியிருந்தது. சூடேறும்போது விசிறியை இறுக்கிப் பிடிப்பது அந்த எண்ணெய்தான். இதை நீங்களே சோதிக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்தி, திறப்பை வெளியே எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் சுழற்றுங்கள். தடை தெரியவேண்டும். தட்டியதும் பல சுற்று சும்மா சுழன்றால் அது பழுது. மின்சார விசிறி உள்ள வாகனத்தில் இப்படிக் கை வைக்கவேண்டாம். எஞ்சின் நின்றபின்னும் அது தானாகச் சுழலக்கூடும்.

நெடுஞ்சாலையிலோ வண்டில் இழுக்கும்போதோ மட்டும் சூடேறினால் கதை வேறு. அப்போது நீரோட்டத்தைத் தேடவேண்டும். மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்ற்றாற் திறக்கவில்லை அல்லது றேடியேற்றர் உள்ளே அடைத்திருக்கிறது. எஞ்சினை முறுக்கும்போது கீழ் ஹோஸ் சப்பையானால் அந்த ஹோஸ் இளகிவிட்டது. ஆறிய எஞ்சினைத் தொடக்கிச் சிறிது நேரத்திலேயே ஹோஸ்கள் கல்லுப்போல இறுகினால், றேடியேற்றருக்குள் குமிழிகள் ஓயாமல் வந்தால், எண்ணெய் பால் கோப்பிபோல மாறினால், ஹெட் கஸ்கெற் போய்விட்டது என்று சந்தேகிக்கவேண்டும். அதற்குமேல் ஓடாதீர்கள்.

காட்டுப் பாதைக்கே உரிய வேறு காரணங்களும் உண்டு. ஆறு கடக்க முன்னால் கட்டிய மறைப்புத் துணியைக் கழற்ற மறப்பது ஒன்று. சேறு காய்ந்து இறுகுவது இன்னொன்று. மணலில் ரயர் காற்றைக் குறைக்காமல் முக்கி முக்கி ஓடுவதும் அப்படித்தான். ஓட்டோ கியர் வாகனமென்றால் மணலில் லோ றேஞ்சைப் பாவியுங்கள். பல வாகனங்களில் கியர்ப்பெட்டி எண்ணெயும் றேடியேற்றரின் ஒரு பகுதியிலேயே குளிர்கிறது. அது சூடானால் எஞ்சினையும் சேர்த்துச் சூடாக்கும்.

முள் ஏறத் தொடங்கியதும் ஏ.சி.யை நிறுத்தி, ஹீற்றரை முழுச்சூட்டில் போடுங்கள். ஹீற்றரும் ஒரு சிறிய றேடியேற்றர்தான். பிறகு காற்றை நோக்கி வாகனத்தை நிறுத்தி, நியூற்றலில் 1200 முதல் 1500 சுற்றில் சிறிது நேரம் ஓடவிடுங்கள். ஆனால் முள் சிவப்பில் நின்றாலோ, ஆவி வந்தாலோ, நீர் ஒழுகினாலோ உடனே எஞ்சினை நிறுத்தவேண்டும். இன்னொன்று: நீர் முழுவதும் போய்விட்டால் முள் சில வேளை கீழே இறங்கிக் காட்டும். அதை நம்பி ஓடி எஞ்சினைத் தொலைத்தவர்கள் உண்டு.

தொலைதூரப் பயணத்தில் குடிநீர் வேறு, வாகனத்துக்கான நீர் வேறு என்று பிரித்து அடையாளமிட்டு வையுங்கள். யூ.எச்.எஃப். வானொலியில் 5 ஆம் அலைவரிசை அவசரத்துக்கானது. எது நடந்தாலும் வாகனத்தை விட்டு நடந்து போகவேண்டாம். தேடி வருபவர்களுக்கு மனிதரைவிட வாகனம்தான் முதலில் தெரியும்.

தொலைபேசி எடுத்த தம்பிக்கு என் பதில் இதுதான்: தெர்மோஸ்ற்றாற்றுக்குக் காசு கொடுக்க முன்னர் ஒரு ரோர்ச்சை எடுத்து, கொண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் இடையில் அடித்துப் பாருங்கள். பிறகு விசிறியைச் சுழற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் செலவு இல்லை. மூடியை மட்டும் ஆறும்வரை தொடவேண்டாம்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.