மென்பொருளின் இரு கண்டங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் திருநாளன்று ஆண்டாளின் பெருந்தேர் ரத வீதிகளில் உலா வருவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். வீதியில் உருண்டு செல்லும் தேரைக் காட்டிலும், நிலையினின்று புறப்படும் தேரும், நிலைக்கு வந்து சேரும் தேருமே அதனை நடத்துவோருக்குக் கவலை தருவன. புறப்படுகையில் சக்கரத்தின் பின்னே தடி கொடுத்து நெம்ப வேண்டும். நிறுத்துகையில் சக்கரத்தின் முன்னே கட்டை கொடுத்துத் தடுக்க வேண்டும்.

அடுத்துள்ள ராஜபாளையத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸும், பின்னர் எழுந்த பல ஆலைகளும் அவ்வூரை நூற்புக்குப் பெயர்பெறச் செய்தன. நூற்பு யந்திரம் சீராக ஓடும்போது அதிகத் தொல்லை இல்லை. ஓட்டம் தொடங்கும்போதும் நிற்கும்போதும்தான் இழை அறும் அபாயம் மிகுதி. மின்சாரம் திடீரென நின்றால், பஞ்சிழையை நீட்டும் உருளைகளும் முறுக்கேற்றும் கதிர்களும் ஒரே கணக்கில் ஓய வேண்டும்; இன்றேல் இழைகள் அறுபடும். ஆகவே, புதிய யந்திரங்கள் சிலவற்றில், சுழலும் பாகங்களில் எஞ்சியுள்ள வேகத்தையே பயன்படுத்தி, எல்லாம் ஒழுங்காக ஓயும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

கணிப்பொறியை இயக்கும் மென்பொருளுக்கும் இவ்விரு கண்டங்கள் உண்டு. அது விழித்தெழும்போது நினைவகத்தில் இடம் பெறுகிறது, அமைப்புகளைப் படிக்கிறது, கோப்புகளைத் திறக்கிறது, பிறகே திரையில் தோன்றுகிறது. இவற்றுள் ஒரு பகுதி, இன்னும் ஆயத்தமாகாத மற்றொரு பகுதியை நாடினால், மென்பொருள் நிலைகுலைகிறது. மூடும்போது நிலைமை தலைகீழ். ஒரு பகுதி தன் இடத்தைத் திருப்பிக் கொடுத்த பின்னும், இன்னொரு பகுதி அவ்விடத்தில் எழுத முற்படலாம். வீடு காலியான பிறகு பழைய முகவரிக்குக் கடிதம் போடுவது போன்றது அது.

இதனால் விளையக்கூடிய இடர் சிறிதன்று. 2004 ஜனவரியில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்காவின் ‘ஸ்பிரிட்’ என்னும் ஊர்தி, அம்மாதம் 21-ஆம் நாள் தடுமாறத் தொடங்கியது. விழிக்கும்போதெல்லாம் அது தன் சேமிப்பகத்திலுள்ள கோப்புகளின் பட்டியலை நினைவகத்திற்குக் கொண்டுவரும். கோப்புகள் பெருகிவிட்டமையால் நினைவகம் போதவில்லை. உடனே நிலைகுலையும், மீண்டும் தொடங்கும், அதே இடத்தில் மீண்டும் விழும். இவ்வாறு 60 முறைக்கு மேல் நடந்தது. இரவில் உறங்கவும் இயலாமல் அதன் மின்கலம் வற்றிக்கொண்டிருந்தது. சேமிப்பகத்தைத் தொடாமலே எழும்படி பூமியிலிருந்து கட்டளை அனுப்பி அதனை மீட்டனர். அதன் பிறகு அது 2010 வரை பணியாற்றியது.

‘ஏரியன் 5’ ராக்கெட்டுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. புறப்படுமுன் மட்டுமே தேவையான ஒரு கணக்கு, முந்தைய ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டு, புறப்பட்ட பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எழுந்த எண் தனக்குரிய இடத்தில் அடங்காமற் போகவே, வழிகாட்டும் கருவிகள் செயலிழந்தன. 1996 ஜூன் 4-ஆம் நாள், கிளம்பி ஒரு நிமிடம் ஆகுமுன் ராக்கெட் சிதறியது. தொடக்கப் பணி தக்க சமயத்தில் முடித்துவைக்கப்படாததன் விளைவு அது.

இத்தகைய குறைகளை முன்கூட்டியே கண்டறிவது எப்படி? முதலாவதாக, தொடக்கத்தின் ஒவ்வொரு படியிலும் வேண்டுமென்றே தடை செய்து பார்க்க வேண்டும். கோப்பு இல்லை, இடம் இல்லை, இணைப்பு இல்லை என்ற நிலைகளில் மென்பொருள் தன் குறையைத் தெளிவாகச் சொல்கிறதா என்று நோக்குதல் வேண்டும். இரண்டாவதாக, திறந்த கணமே மூடுவதும், மூடிய கணமே திறப்பதுமாக நூற்றுக்கணக்கான முறை சோதிக்க வேண்டும். நேரப் பிசகால் வரும் குறை ஒரு முறையில் அகப்படாது. மூன்றாவதாக, எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரத்தைத் துண்டித்து, மீண்டும் எழுகிறதா என்று காண வேண்டும். நான்காவதாக, புதிய கணிப்பொறியில் மட்டுமின்றி, பல நாள் உழைத்துக் கோப்புகள் நிறைந்த ஒன்றிலும் சோதிக்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. விபத்தைக் குறித்து வைக்கும் பகுதியும் மென்பொருளின் ஓர் உறுப்பே. அது விழிக்குமுன் நேர்ந்த விபத்தும், உறங்கிய பின் நேர்ந்த விபத்தும் எவர் கணக்கிலும் ஏறா. ஆதலின் அப்பகுதி முதலில் எழுந்து கடைசியில் ஓய வேண்டும். மேலும், தொடங்கும்போது ஓர் அடையாளம் இட்டு, முறையாக முடியும்போது அதனை அழிக்கலாம். மறுநாள் அவ்வடையாளம் எஞ்சியிருந்தால், முந்தைய ஓட்டம் நல்லபடி முடியவில்லை என்பது விளங்கும். பன்முறை அவ்வாறு நேர்ந்தால், இன்றியமையாத பகுதிகளோடு மட்டும் எழும்படி செய்யலாம்.

மாணவர்களே, நீங்கள் எழுதும் சிறிய நிரல் சரியான விடை தந்துவிட்டதென்று மனநிறைவு அடையாதீர்கள். அதனைத் தொடங்கும்போதே நிறுத்திப் பாருங்கள். நிற்கும்போது குறுக்கிட்டுப் பாருங்கள். அவ்விரு சோதனைகளிலும் தேறிய நிரலையே பிறர் நம்பிப் பயன்படுத்தலாம்.