ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர் வாங்குறது ஈஸி, போட்டுத் தர்ற பார்ட்னரைப் பிடிக்கிறதுதான் கஷ்டம்!

தொழில்ல பணம் எங்கெல்லாம் நமக்கே தெரியாம கரையுதுன்னு நம்ம சேனல்ல பேசிட்டு வர்றோம். இன்னைக்கு அதுல ஒரு பெரிய ஓட்டையைப் பார்ப்போம்.

ஈ.ஆர்.பி.னா கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, பில், கணக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கிற சாஃப்ட்வேர். எஸ்.ஏ.பி. பிசினஸ் ஒன், ஓடூ மாதிரி சாஃப்ட்வேர்களைப் பெரும்பாலும் பார்ட்னர் கம்பெனிகள்தான் நம்ம இடத்துல போட்டுக் கொடுப்பாங்க. அதை உங்க தொழிலுக்கு ஏத்த மாதிரி அமைச்சு, பழைய டேட்டாவை ஏத்தி, ஆட்களுக்குப் பழக்கிவிடுற செலவு பல சமயம் லைசென்ஸ் விலையையே தாண்டிடும். ஆனா நாம பேரம் பேசுறது லைசென்ஸுக்கு மட்டும்தான்!

திருப்பூர்ல ஒரு பின்னலாடை யூனிட் நடத்துறீங்கன்னு வச்சுக்குவோம். நூல் வாங்கி நிட்டிங் அனுப்புவீங்க. அங்கிருந்து சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங்னு துணி ஊரையே சுத்தி வரும். சாயத்துக்கு 500 கிலோ போனா 500 கிலோவா திரும்பாது. அந்த எடைக் குறைவை ஒழுங்கா கணக்குல பிடிக்கலைன்னா லாபம் எவ்வளவுன்னே தெரியாது. பார்ட்னர் டெமோ காட்டுறப்போ, அவர் கொண்டு வர்ற சாம்பிள் கம்பெனியில எல்லாம் அழகாத்தான் ஓடும். நீங்க உங்க பழைய டெலிவரி சலான்ல 10 எடுத்துக் கொடுங்க. பாதி லாட் மட்டும் திரும்பினது, ஷேடு மாறி மறுபடி சாயத்துக்குப் போனதுன்னு வில்லங்கமானதா பார்த்துக் கொடுங்க. "இதை என் கண் முன்னாடி போட்டுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. "அது கஸ்டமைசேஷன் சார், பண்ணிடலாம்"னு சொன்னா, எத்தனை நாள், எவ்வளவு ரூபாய்னு அன்னைக்கே எழுத்துல வாங்குங்க. இந்தத் துறையிலேயே காஸ்ட்லியான வார்த்தை அந்த "பண்ணிடலாம்"தான்.

விக்க வர்றவர் வேற, உங்க ஆபீஸ்ல உட்கார்ந்து வேலை செய்யப் போறவர் வேற. அந்த இரண்டாவது ஆளோட ஒரு மணி நேரம் பேசாம கையெழுத்துப் போடாதீங்க. அவங்களோட பழைய கஸ்டமர்கிட்ட விசாரிக்கும்போதும் முதலாளிகிட்ட கேட்காதீங்க, அவர் செலவு பண்ணிட்டாரு, குறை சொல்ல மாட்டாரு. அங்க இருக்கிற அக்கவுண்டன்ட்கிட்ட, "மாசக் கடைசியில ஸ்டாக் கணக்கை இன்னும் எக்செல்லதான் போடுறீங்களா?"ன்னு கேளுங்க. அந்தப் பதில் போதும்.

பணம் எப்படிக் கொடுக்கணும்? 6 லட்சம் கொட்டேஷன்னா 18% ஜிஎஸ்டி 1,08,000 தனி. இன்புட் கிரெடிட் கிடைக்கலாம், ஆனா முதல்ல கையை விட்டுப் போறது 7,08,000. 'முதல் மாசம் இவ்வளவு, இரண்டாவது மாசம் இவ்வளவு'ன்னு தேதியைக் கட்டிக் கொடுக்காதீங்க, வேலையைக் கட்டிக் கொடுங்க. அட்வான்ஸ் 20%, உங்க டேட்டாவுல டெஸ்ட் முடிஞ்சா 30%, லைவ் ஆனா 30%. மீதி 20%? முதல் மாசக் கணக்கை மூடி, ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டும் சாஃப்ட்வேர் கணக்கோட ஒத்துப் போனதுக்கு அப்புறம்தான்.

லைவ் தேதியில பெரிய கம்பெனியே சறுக்கியிருக்கு. அமெரிக்காவோட ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999ல ஹாலோவீன் சீசன் நெருங்குறப்போ புது சிஸ்டத்துக்கு மாறி, சரக்கு குடோன்ல இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாம நின்னுச்சு. நம்ம ஊர்ல 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருக்கிறவங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1ல இருந்து இ-இன்வாய்ஸ் கட்டாயம். சிஸ்டம் மக்கர் பண்ணா பில் போடவே திணறுவீங்க, லாரி கேட்லயே நிக்கும். அதனால ஷிப்மென்ட் நெருக்கடியான மாசத்துல மாறாதீங்க.

கடைசியா ஒண்ணு. அட்மின் பாஸ்வேர்டும் முழு பேக்கப்பும் உங்க கையில இருக்கணும். பார்ட்னரை மாத்தினா கஸ்டமைசேஷன் கோடையும் சேர்த்து ஒப்படைக்கணும்னு அக்ரிமென்ட்ல ஒரு வரி போடுங்க. அந்த வரிக்கு முகம் சுளிக்கிறவரா இருந்தா, அடுத்த கொட்டேஷனை எடுத்துப் பாருங்க.

வருஷா வருஷம் கட்டுற ஏ.எம்.சி.யை எப்படிக் குறைக்கிறதுன்னு அடுத்த வீடியோவுல பேசுவோம்.