பூட்டிய ஆபீசில் பேசும் டெலிபோன்! திருடனுக்குச் சாவி "1234"
சனிக்கிழமை ராத்திரி. ஆபீசைப் பூட்டியாச்சு. வாசலில் வாட்ச்மேன். ஆனால் உள்ளே இருக்கும் டெலிபோன் லைனில் வெளிநாட்டுக்கு மணிக்கணக்கில் பேச்சு! பில் வந்ததும் முதலாளிக்குத் தலை சுற்றும்.

பேயா, பிசாசா? அதெல்லாம் இல்லை. "வாய்ஸ் மெயில்" வழியாக நுழைந்த திருடன்!

ஆள் இல்லாதபோது வரும் சேதியை ஆபீஸ் டெலிபோன் பிடித்து வைக்கிறது அல்லவா? அமெரிக்காவில் கார்டன் மேத்யூஸ் என்பவர் 1983-ல் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம் அது. காலையில் வந்தால் போனில் சின்ன விளக்கு எரியும். பட்டனை அமுக்கினால் சேதி கேட்கும். வெளியூரிலிருந்தும் ஆபீசுக்குப் போன் போட்டு, ரகசிய எண்ணை அமுக்கிக் கேட்கலாம். நல்ல வசதிதான்.

வம்பும் அங்கேதான்! மெஷினோடு வந்த 0000, 1234-ஐப் பலர் மாற்றுவதே இல்லை. கில்லாடிகள் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனாகப் போட்டுப் பார்க்கிறார்கள். திறந்துகொண்டால், சில சிஸ்டங்களில் அங்கிருந்தே வெளி லைனைப் பிடித்துவிடலாம். எங்கே பேசுவார்கள்? நிமிஷத்துக்குக் கொள்ளைக் கட்டணம் வாங்கும் வெளிநாட்டு நம்பருக்கு. அந்தக் கட்டணத்தில் இவர்களுக்கும் பங்கு உண்டு! லீவு நாள் என்றால் கொண்டாட்டம், கவனிக்க ஆளில்லையே.

ரகசிய எண்ணை இன்றைக்கே மாற்றுங்க. எக்ஸ்டென்ஷன் நம்பரையே திருப்பி வைக்காதீங்க. வேலையை விட்டுப் போனவரின் பெட்டியை மூடச் சொல்லுங்க. வெளிநாட்டோடு வியாபாரமே இல்லாத கடையா? டெலிபோன் கம்பெனியில் சொல்லி ஐ.எஸ்.டி.யை நிறுத்திவிடலாம். சிஸ்டத்தைப் பார்க்க வரும் மெக்கானிக்கிடம், "வாய்ஸ் மெயிலிலிருந்து வெளி லைன் போகுதா?" என்று கேளுங்க. போனால், அடைத்துத் தருவார்.