வெள்ளவத்தைக் கரையில் நின்று கேட்கும் கேள்விகள்

உலகின் மிக உயரமான மலை எது, மிகப் பெரிய சமுத்திரம் எது என்று கேட்டால், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்புவிக்கும். அதே பிள்ளை பின்னேரம் மரீன் டிரைவில் நடக்கும்போது, "அம்மா, அந்தக் கப்பலின்ரை கீழ்ப்பக்கம் எங்கை?" என்று கேட்டால் அநேகமாகப் பதில் கிடைப்பதில்லை. பொது அறிவு என்று நாம் சேர்த்து வைத்திருப்பதில் பெரும்பங்கு எங்கோ தொலைவில் உள்ளவற்றைப் பற்றியது. நம் தலைக்கு மேலும் காலடியிலும் நடப்பவற்றுக்கு அதில் இடம் குறைவு.

கொழும்போ கேள்வி கேட்பவருக்கு வாய்ப்பாக அமைந்த ஊர். மத்தியகோட்டிலிருந்து ஏழு பாகைதான் வடக்கே. மேற்கில் தடையில்லாத கடல். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்கு வீடு எழுகிற சில கேள்விகளை, வாசகர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கக்கூடிய விடைகளோடு இங்கே தருகிறோம்.

நண்பகலில் நிழல் இல்லாமல் போகுமா?

போகும், ஆண்டுக்கு இரு முறை. ஒவ்வோர் ஏப்ரலிலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில், இலங்கைக்கு நேர் மேலாகச் சூரியன் உச்சம் கொடுக்கும் நாட்கள் பற்றிய செய்தி வரும். வெயில் கொளுத்தப் போகிறது என்ற எச்சரிக்கையாகவே பலரும் அதை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் அது நாடு முழுவதற்குமான ஒரு பரிசோதனைக்கு அழைப்பு.

அந்த நாட்களில் சூரியன் உச்சம் கொடுக்கும் இடம் தினமும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே நகர்கிறது. ஏப்ரல் 5ஐ ஒட்டித் தெய்வேந்திரமுனைக்கு வருகிறது. 7ஐ ஒட்டிக் கொழும்புக்கு. சித்திரைப் புத்தாண்டு வேளையில் யாழ்ப்பாணத்துக்கு. பிறகு இந்தியாவுக்கு மேலாகக் கடகக்கோடு வரை போய்த் திரும்பி, செப்டெம்பர் முதல் வாரத்தில் மறுபடி கொழும்பைக் கடக்கிறது. கடகக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் டில்லிக்கோ லண்டனுக்கோ நிழலற்ற நண்பகல் ஒருபோதும் கிடையாது.

மொட்டைமாடியில் ஒரு போத்தலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி வந்து போத்தலின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் மறுபக்கமாக நீளத் தொடங்கும். இன்னொன்றையும் கவனிக்கலாம். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கொழும்பில் நண்பகல் நிழல் தெற்கே விழும்; மற்ற மாதங்களில் வடக்கே. ஜூன் மாதத்தில் நண்பகல் வெயில் வடக்குப் பார்த்த ஜன்னல் வழியாக உள்ளே வருவது இதனால்தான். தொடர்மாடியில் வீடு பார்ப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விடயம் இது.

இதே நிழலால் பூமியையும் அளக்கலாம். 2,200 ஆண்டுகளுக்கு முன் எரதொஸ்தனிஸ் எகிப்தின் இரு நகரங்களை வைத்துச் செய்ததை, கொழும்பில் ஒருவரும் யாழ்ப்பாணத்தில் ஒருவருமாக இரு சொந்தக்காரர் செய்து பார்க்கலாம். கொழும்பில் நிழல் தொலைகிற அதே நண்பகலில், யாழ்ப்பாணத்தில் நட்ட ஒரு மீற்றர் தடி ஐந்து சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த நிழலைக் காட்டும். அந்த நிழல் சொல்லும் கோணம் ஏறத்தாழ 2¾ பாகை. இரு ஊர்களுக்கும் இடையிலான வடக்கு–தெற்குத் தூரம் சுமார் 304 கிலோமீற்றர். 360 பாகைக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால் விடை 40,000 கிலோமீற்றரை நெருங்கி நிற்கும். அதுதான் பூமியின் சுற்றளவு. இதற்குத் தேவை இரண்டு தடிகள், ஓர் அடிமட்டம், ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே.

உச்சிவெயில் ஏன் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை?

மேலே சொன்ன சோதனையைச் சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் செய்தால் ஏமாந்து போவீர்கள். ஏப்ரலில் கொழும்பின் உண்மையான நண்பகல் 12.12, 12.13 அளவில்தான். நம் கடிகாரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது. அந்தக் கோடோ இலங்கையைத் தொடாமல் கிழக்கே கடலில் ஓடுகிறது. கொழும்பு இருப்பது ஏறத்தாழ 79.9 பாகையில். ஒரு பாகையைக் கடக்கச் சூரியனுக்கு நான்கு நிமிடம் தேவை. ஆகவே கொழும்புக்குச் சராசரியாகப் பத்து நிமிடத் தாமதம். அதன் மேல், பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அச்சுச் சாய்வாலும் ஆண்டுக்குள் சில நிமிடங்கள் கூடிக் குறையும். மட்டக்களப்பில் கொழும்பைவிட ஏழு நிமிடம் முன்னதாகவே சூரியன் உச்சிக்கு வந்துவிடுகிறது.

கடிகார நேரம் மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு என்பதை இலங்கையர் பட்டறிந்திருக்கிறோம். 1996 மே மாதத்தில், மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டன. ஒக்ரோபரில் அதில் அரை மணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் நடுப்பகுதியில்தான் பழைய நேரம் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகள் இருட்டோடு பாடசாலைக்குப் புறப்பட்டார்கள். வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. இத்தனை மாற்றத்திலும் சூரியன் ஒரு நொடிகூடப் பிந்தவும் இல்லை, முந்தவும் இல்லை.

கப்பலின் கீழ்ப்பக்கம் எங்கே போகிறது?

பூமியின் வளைவுக்குப் பின்னால். வெள்ளவத்தை மணலில் நிற்கும் ஒருவருக்குத் தொடுவானம் நான்கரை கிலோமீற்றர் தொலைவில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நங்கூரமிட்டிருக்கும் கப்பலின் அடிப்பாகத்தைக் கடலே மறைக்கிறது. காலி வீதித் தொடர்மாடி ஒன்றின் பத்தாம் மாடியில், ஏறத்தாழ 30 மீற்றர் உயரத்தில் நின்று பார்ப்பவருக்கோ தொடுவானம் 20 கிலோமீற்றர் தள்ளிப் போய்விடும். கீழே நின்றபோது மேல்தட்டு மட்டும் தெரிந்த கப்பலை இப்போது முழுதாகப் பார்க்கலாம்.

இதனால் சூரியன் மறையும் நேரமும் மாறுகிறது. வானம் தெளிவாக இருக்கும் ஜனவரி, பெப்ரவரி மாலையொன்றில் ஒருவர் கரையிலும் ஒருவர் மொட்டைமாடியிலும் நின்று தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள். கரையில் நிற்பவர் "மறைஞ்சிட்டுது" என்று சொன்ன பிறகும் மேலே நிற்பவருக்கு ஏறத்தாழ அரை நிமிடம் சூரியனின் விளிம்பு தெரியும். கடைசிக் கீற்று வரும்வரை சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்; அது கண்ணைக் கெடுக்கும்.

நம் ஊரில் சூரியன் தொடுவானத்தில் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. வட்டத்தின் கீழ்விளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து முழுதாக மறைவதற்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான் எடுக்கிறது. அந்திப்பொழுதும் சட்டென்று இருண்டுவிடுகிறது. கொழும்பின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே முக்கால் மணிக்குச் சற்றுக் கூடிய வித்தியாசமே உண்டு. லண்டனில் அந்த வித்தியாசம் எட்டு மணி நேரத்துக்கும் மேல். ஜூன் மாதத்தில் அங்கிருந்து இரவு ஒன்பது மணிக்கு வீடியோ அழைப்பில் பேசும் சித்தியின் ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருப்பது இதனால்தான்.

நம் கடல் ஏன் வற்றிப் போவதில்லை?

கடல் பல நூறு மீற்றர் பின்வாங்கிச் சேறு தெரியும் கடற்கரைகளைப் படங்களில் பார்த்திருப்போம். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் 16 மீற்றர் வரை மாறும். வெள்ளவத்தையிலும் நாளுக்கு இரு தடவை கடல் ஏறி இறங்குகிறது. ஆனால் வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. சந்திரனும் சூரியனும் இழுப்பதால் திறந்த சமுத்திரத்தில் எழும் வற்றுப்பெருக்கு சிறியதுதான். ஒடுங்கிச் செல்லும் விரிகுடாக்களும் அகன்ற ஆழமற்ற கடலடியும் அதைப் பெருக்கிவிடுகின்றன. இலங்கையைச் சுற்றிய கண்டமேடை ஒடுக்கமானது. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே ஆழ்கடல் வந்துவிடுகிறது.

அப்படியானால் மே முதல் செப்டெம்பர் வரை ரயில் பாதைவரை நீர் தெறிப்பது? அது வற்றுப்பெருக்கல்ல, அலை. தென்மேற்குப் பருவக்காற்று பல்லாயிரம் கிலோமீற்றர் திறந்த கடலைக் கடந்து வருகிறது. தெற்கேயோ அந்தாட்டிக்கா வரை குறுக்கே நிலமே இல்லை. வழியெல்லாம் திரண்ட அலைகள் வந்து மோதும் முதல் சுவர் நம் கரைதான்.

இந்தக் கேள்வியின் விடை உயிர் காக்கும் விடை. 2004 டிசெம்பர் 26 காலை, சுமாத்திராவுக்கு அருகே எழுந்த ஆழிப்பேரலை இலங்கையைச் சுற்றி வளைத்துத் தென்மேற்குக் கரைக்கும் வந்தது. களுத்துறையில் கடல் உள்வாங்கி அடித்தரை வெளித்தெரிந்ததைச் செய்மதிப் படங்கள் காட்டின. கடல் வற்றும் காட்சியைக் கண்டிராத நம் மக்களில் பலர் வேடிக்கை பார்க்க இறங்கினார்கள். கோட்டையிலிருந்து புறப்பட்டு வெள்ளவத்தை வழியாகச் சென்ற மாத்தறை ரயில் பெரேலியவில் அலையில் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முதல் அலைக்குத் தப்ப ரயிலில் ஏறியவர்களும் அவர்களில் இருந்தனர். அவர்களைக் கொண்டுபோனது அதைவிடப் பெரிதாக வந்த அடுத்த அலை. நாடு முழுவதும் 30,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

ஆகவே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்: நம் கடல் வழக்கமாக வற்றுகிற கடல் அல்ல. அது திடீரென்று உள்வாங்கினால் உயரமான இடத்துக்கு ஓட வேண்டும். முதல் அலை போனதும் திரும்பி வரக் கூடாது.

மின்விசிறி ஏன் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கிறது?

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது கோடிக்கணக்கான நீர்க்குமிழிகள் வெடித்து நுண்துளிகளை எறிகின்றன. நீர் ஆவியாகிப் போக, மிஞ்சும் உப்புத்தூள் காற்றோடு வீட்டுக்குள் வருகிறது. காற்றில் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கொழும்பின் இரவுகளில் அது வழமையான அளவு. இரும்பின் மேல் எப்போதும் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்தால் துருவுக்கு வேறென்ன வேண்டும்? மழை படும் கிரில்லைவிட மழை படாத இடத்துக் கிரில் சில வேளை முந்தித் துருவேறும், உப்பைக் கழுவ அங்கே ஆளில்லை. வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிடுவது விலை உயர்ந்த பூச்சைப் போலவே பயன் தரும்.

கப்பலின் சங்கு ஏன் இரவில் தெளிவாகக் கேட்கிறது?

இது துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையின் கேள்வி. இரவில் தெருச் சத்தம் குறைவு என்பது பாதி விடை. மீதி விடை காற்றின் வெப்பநிலையில் இருக்கிறது. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். குளிர்ந்த காற்றின் பக்கம் வளையும். பகலில் தரையோடு ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலால் போய்விடுகிறது. காற்று அடங்கிய தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, மேலே சூடான காற்று இருக்கும்போது, ஒலி கீழ்நோக்கி வளைந்து ஜன்னலுக்கு வந்து சேர்கிறது.

கோயில் கருங்கல் ஏன் காலுக்குக் குளிர்கிறது?

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய திருப்பணி. வெறுங்காலோடு உள்ளே போனால் கல் குளிரும். பக்கத்தில் மரப்பலகை இருந்தால் அது குளிராது. வெப்பமானியை வைத்துப் பாருங்கள், இரண்டும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். கருங்கல் மரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. பாதத்தின் சூட்டை அது விரைவாக இழுத்துக்கொள்வதையே நாம் குளிர்ச்சி என்று உணர்கிறோம். வெளிவீதிக் கல் மத்தியானத்தில் சுடுவதற்கும் இதே பண்புதான் காரணம். அங்கே சூடு கல்லிலிருந்து காலுக்கு விரைந்து வருகிறது.

இந்த விடைகளில் ஒன்றையும் மனனம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு போத்தல், ஒரு தடி, ஒரு வெப்பமானி கொண்டு சோதிக்கலாம். ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: ஏப்ரலில் பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் செப்டெம்பர் 5ஐ ஒட்டிய நாட்களைக் குறித்து வையுங்கள். அப்போது கொழும்பின் நண்பகல் 12.09 அளவில் வரும். பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் சென்று நிழலை அளக்க விடுங்கள்; யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றோடு பேசி இரு அளவுகளையும் ஒப்பிட விடுங்கள். பூமியின் சுற்றளவைத் தன் கையால் கணக்கிட்ட பிள்ளைக்கு அந்த எண் பரீட்சை முடிந்த பிறகும் மறக்காது.