நெரிசலில் தெரியும் தேடுபொறியின் தரம்

2009 ஜூன் 25 அன்று பாடகர் மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி பரவியதும் உலகெங்கும் மக்கள் ஒரே நேரத்தில் அவர் பெயரைத் தேடினார்கள். குவிந்த தேடல்களைக் கூகுள் நியூஸ் தானியங்கித் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டது. சுமார் 25 நிமிடம், தேடியவர்களில் சிலருக்கு முதலில் 'மன்னிக்கவும்' என்ற பக்கமே வந்தது. அந்தத் தவறு எல்லோர் கண்ணிலும் பட்டது. நெரிசலில் நேரும் இன்னொரு தவறு யார் கண்ணிலும் படாது. பக்கம் சட்டென்று வரும், பத்து விடைகளும் இருக்கும், ஆனால் முதலில் நிற்க வேண்டிய விடை அவற்றில் இருக்காது. வேகத்தை ஓரிடத்திலும் பொருத்தத்தை வேறிடத்திலும் சோதிக்கும் வழக்கம் நீடிக்கும்வரை இந்தத் தவறு பிடிபடாது.

இந்தப் பிரிவினை பழையது. 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு விமானவியல் கல்லூரி நூலகர் சிரில் கிளெவர்டன் 1,400 ஆய்வுக் கட்டுரைகளையும் 225 கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டுரை பொருந்தும் என்று ஆட்களைக் கொண்டு குறித்துவைத்து, தேடும் முறைகளை ஒப்பிட்டார். தேடும் முறைகளை ஒப்பிட அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய ட்ரெக் மாநாடுகளும் இதே வழியில் வந்தவைதான். இவ்வகைச் சோதனைகளில் கேள்வி போய்ச் சேர்வது ஓய்வாக இருக்கும் பொறியிடம். பொறி நெரிசலைத் தாங்குமா என்று பார்க்கும் லோட் டெஸ்ட் செய்பவர்களோ நொடிக்கு எத்தனை தேடல், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிநொடி என்று எண்ணுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள்.

கணக்கிடும் முறை ஒன்றுதானே, கூட்டம் கூடினால் பொருத்தம் எப்படிக் குறையும் என்று கேட்கலாம். ஒரு தேடுபொறியின் தகவல் நூறு சர்வர்களில் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு தேடலும் நூறுக்கும் போக வேண்டும். நூறு பதிலும் சேர்ந்தால்தான் முழு விடை. ஒவ்வொரு சர்வரும் நூறு தடவையில் ஒரு தடவை மட்டும் ஒரு நொடிக்கு மேல் தாமதித்தாலும், மொத்தத்தில் 63 சதவீதத் தேடல்கள் ஒரு நொடியைத் தாண்டிவிடும். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் எழுதிய கட்டுரையில் உள்ள கணக்கு இது. நெரிசலில் தாமதம் இன்னும் கூடும். அப்போது கடைசி சர்வர்வரை காத்திருக்கலாம், அல்லது வந்தவரை போதும் என்று அனுப்பிவிடலாம். பரவலாகப் பயன்படும் எலாஸ்டிக்சர்ச்சில் நேர வரம்பு வைத்தால், மாற்றி அமைக்காதவரை, இரண்டாவதுதான் நடக்கும். விடையோடு 'டைம்டு அவுட்' என்ற சிறு குறிப்பு வரும். கோரிக்கை மட்டும் வெற்றி என்றே பதிவாகும். அந்தக் குறிப்பைச் சோதனைக் கருவி படிக்கவில்லை என்றால் அரைகுறை விடைக்கும் முழு மதிப்பெண் விழும்.

தாமதமாக வரும் முழு விடையைவிட உடனே வரும் முக்கால் விடை மேல் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. 100 முதல் 400 மில்லிநொடி தாமதத்துக்கே தேடல்கள் 0.2 முதல் 0.6 சதவீதம் குறைந்ததாகக் கூகுள் 2009இல் தன் சோதனை முடிவை வெளியிட்டது. ஆனால் விட்டுக்கொடுப்பதையும் அளந்துதான் விட்டுக்கொடுக்க வேண்டும். எத்தனை கோரிக்கைக்குப் பதில் கிடைத்தது, அந்தப் பதிலில் மொத்தத் தகவலின் எவ்வளவு பங்கு இடம்பெற்றது என்று இரண்டையும் தனித்தனியே அளக்கச் சொல்லி ஆர்மண்டோ ஃபாக்ஸும் எரிக் புரூவரும் 1999இலேயே எழுதினார்கள். நூறில் ஐந்து சர்வர்கள் விடுபட்டால் சினிமா விமர்சனம் தேடியவருக்குப் பெரிய நட்டமில்லை. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். ஒரே ஓர் ஆவணத்தில் உள்ள மருந்து எச்சரிக்கையைத் தேடியவருக்கோ, அது அடியோடு மறைந்துபோக இருபதில் ஒரு வாய்ப்பு.

ஆட்களை வைத்துப் பொருத்தம் பார்க்கச் செலவாகும் என்பது அடுத்த தடை. இந்தச் சோதனைக்கு அவர்கள் தேவையில்லை. ஆயிரம் கேள்விகளைப் பொறி ஓய்வாக இருக்கும்போது கேட்டு, முதல் பத்து விடைகளைச் சேமித்தால் போதும். ஆவணத் தொகுப்பை மாற்றாமல் அதே கேள்விகளை நெரிசலின் நடுவே அனுப்பி, பத்தில் எத்தனை திரும்ப வருகின்றன என்று எண்ணலாம். நெரிசலும் நிஜமாக இருக்க வேண்டும். பல கருவிகள் ஒரு பதில் வந்த பிறகே அடுத்த கேள்வியை அனுப்புகின்றன. பொறி திணறினால் கருவியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். மக்கள் அப்படி நிற்க மாட்டார்கள். நொடிக்கு இத்தனை தேடல் தாங்கும் என்று யாராவது சொன்னால், அந்த வேகத்தில் எத்தனை விடைகள் விடுபட்டன என்றும் கேளுங்கள். அந்த எண் இல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான்.