போகிற யானை வேறு

திண்டுக்கல் மாவட்டச் சேவுகம்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் கீழ்ப்பழனி மலை தெரியும். தாண்டிக்குடிக் காப்பி அந்த மலையிலிருந்துதான் பக்கத்துப் பட்டிவீரன்பட்டிக்கு இறங்குகிறது. சில வருடங்களில் யானையும் இறங்குகிறது. தை பிறந்ததும் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் கூடை கூடையாக வாழைப்பழத்தைச் சூறை விடுகிற ஊர் இது. தார் முற்றி வெட்டுகிற நேரத்தில் ஒரே ராத்திரியில் தோட்டம் சாய்ந்து கிடந்தால் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடிவாரத்தில் குத்தகைக்கு வாழை போட்டிருந்த உறவுக்காரர் ஒருவர் அப்படி இழந்துவிட்டு வந்து கேட்டார்: “இதுகளப் பூராம் புடிச்சு ஏதாச்சும் வெளிநாட்டு மிருகக்காட்சிக்கு அனுப்பிவிட்டா என்னப்பா? அவனுகளுக்கும் யானை கெடைக்கும், நமக்கும் நிம்மதி.”

வயிறெரிந்து கேட்ட கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தோட்டத்தில் இறங்குகிற யானை வேறு, விமானத்தில் ஏறுகிற யானை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதல் அட்டவணையில் இருக்கிறது. மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுதிக் கொடுத்தால் தவிர அதைப் பிடிக்க முடியாது. பிடித்தாலும் வேறு காட்டுக்கோ வனத்துறை முகாமுக்கோதான் கொண்டுபோவார்கள். 2023இல் கம்பம் ஊருக்குள் ஓடிய அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டது நமக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுக்குப் போகிறவை உயிரியல் பூங்காவில் ஏற்கெனவே இருக்கிற யானைகள். அங்கீகாரம் பெற்ற பூங்காக்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்குவதற்கும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஆக, மனிதனைப் பார்த்துப் பழகி, யார் தோட்டத்துக்குள்ளும் நுழையாத யானைதான் நாட்டைவிட்டுப் போகிறது.

2025 ஜூலையில் அப்படி நான்கு போயின. பெங்களூரு பன்னர்கட்டா உயிரியல் பூங்காவிலிருந்து ஜப்பானின் ஹிமெஜி சென்ட்ரல் பார்க்குக்கு. சுரேஷ் என்ற ஆண், கௌரி, ஸ்ருதி, துளசி என்ற மூன்று பெண்கள். மூத்தது கௌரிக்கு வயது 9, இளையது துளசிக்கு 5. மரக்கூண்டுக்குள் நிற்கப் பல மாதம் பழக்கி, சரக்கு விமானத்தில் ஏற்றி ஒசாகா பக்கத்துக் கன்சாய் விமான நிலையத்தில் இறக்கினார்கள். மருத்துவர்களும் பராமரிப்பாளர்களும் கூடவே போனார்கள். பதிலுக்குப் பன்னர்கட்டாவுக்குச் சிவிங்கிப்புலி எனப்படும் சீட்டா, ஜாகுவார், பூமா, சிம்பன்சி, கபுச்சின் குரங்கு என்று பேச்சு. இதற்கு விலங்குப் பரிமாற்றம் என்று பெயர். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மாதிரி என்று சொல்லத் தோன்றும். ஆனால் பெண் கொடுத்த வீட்டிலிருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சீர் போகும், அழைத்துவர ஆள் போகும். பிள்ளை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவர ஒரு வழி இருக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் அந்த வழிதான் பெரும்பாலும் இல்லை.

ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள அனுமதிக் காகிதத்தைப் பார்க்க வேண்டும். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு கொண்டுபோவதை ஒழுங்குபடுத்த சைட்டீஸ் என்ற உடன்படிக்கை இருக்கிறது. 1975இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 1976இல் சேர்ந்தது. ஆசிய யானை அதன் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அனுப்புகிற நாடும் வாங்குகிற நாடும் தனித்தனியாக அனுமதி தர வேண்டும். விலங்கு சட்டப்படி வந்ததா, போய்ச்சேரும் இடத்தில் தங்க வைக்க வசதி இருக்கிறதா, முதன்மை நோக்கம் வியாபாரமா, இந்த ஏற்றுமதியால் அந்த இனம் பிழைத்திருப்பதற்குக் கேடு வருமா என்றெல்லாம் பார்ப்பார்கள். எல்லாம் தேவையான கேள்விகள். ஆனால் கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். யானை என்ற இனத்துக்குக் கேடில்லை என்பது ஒன்று. துளசி என்ற இந்த யானைக்குக் கேடில்லை என்பது வேறொன்று. முதலாவதற்குக் காகிதத்தில் அழுத்தமான இடம் இருக்கிறது. இரண்டாவதற்குக் கூண்டின் அளவும் பயணத்தில் காயம் படாமையும் மட்டும்தான் அங்கே பேசப்படுகின்றன.

யானைக்கு இடம் மட்டும் போதாது. சுமார் 22 மாதம் சுமந்து பெறுகிற பிராணி அது. கூட்டம் என்று நாம் சொல்வது பாட்டி, மகள்கள், பேத்திகள் சேர்ந்த குடும்பம். பெண் யானை சாகும்வரை அந்தக் குடும்பத்தை விட்டுப் போவதில்லை. ஆண் மட்டும் பருவம் வந்த பிறகு தானாகப் பிரியும். நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் அவை பேசிக்கொள்வதை 1984இல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். அமெரிக்காவின் போர்ட்லண்டில், ஒரு மிருகக்காட்சி சாலையில், ஆசிய யானைகளின் அருகே நின்றபோது காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்து அதைத் தேடிப் போனவர் அவர். நியாயமாகச் சொன்னால், யானையைப் பிரிக்கக் கூடாது என்று இன்று நாம் வாதாடுவதற்கான அறிவில் ஒரு பங்கு மிருகக்காட்சி சாலைகளிலிருந்தே வந்தது. அந்த அறிவு வந்த பிறகும் ஐந்து வயதுக் குட்டியைக் கடல் கடந்து அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. நான்கையும் சேர்த்து அனுப்பினார்களே என்பது மட்டும் ஆறுதல். முன்பெல்லாம் அந்த யோசனைகூடக் கிடையாது.

முன்பு என்றால் நேரு காலம். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், டோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்தால் விலங்குகள் தப்பிவிடும் என்று அஞ்சி அவற்றைக் கொல்ல உத்தரவு வந்தது. மூன்று யானைகளைப் பட்டினி போட்டே சாகவிட்டார்கள். போர் முடிந்ததும் ஒரு யானை வேண்டும் என்று ஜப்பானியக் குழந்தைகள் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். 1949இல் தம் மகள் பெயரிலேயே இந்திரா என்ற யானையை அனுப்பினார் அவர். தோற்று எரிந்துபோன ஊரில் அந்தப் பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மகிழ்ச்சிக்காக இந்திரா 1983வரை, சாகும்வரை அங்கே நின்றது. குடகுக் காட்டில் குட்டியாகப் பிடிபட்டு, மரம் இழுத்து, 1961இல் இந்தியக் குழந்தைகளின் அன்பளிப்பு என்று வாஷிங்டனுக்குப் போன அம்பிகா என்ற யானை 2020இல் இறந்தது. ஏறக்குறைய அறுபது வருடம். பரிசு கொடுத்தவர், வாங்கியவர், அந்தப் பரிசு எதற்கென்று நினைவு வைத்திருந்தவர் எல்லாரும் போன பிறகும் யானை அங்கேதான் இருந்தது.

நாம் கொடுத்ததை மட்டும் பேசினால் போதாது, வாங்கியதையும் பேச வேண்டும். 1998இல் ஜிம்பாப்வே இந்தியாவுக்கு ஓர் ஆப்பிரிக்க யானைக் கன்றைத் தந்தது. குடியரசுத் தலைவராக இருந்த சங்கர் தயாள் சர்மாவின் பெயரால் சங்கர் என்று பெயர். கூட வந்த பெண் யானை சில வருடங்களில் இறந்துபோக, டெல்லி மிருகக்காட்சி சாலையில் சங்கர் இருபது வருடங்களாகத் தன் இனத்துத் துணை இல்லாமல் நின்றது. அதை வேறிடத்துக்கு மாற்றக் கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், நடக்கவில்லை. 2024இல் உலக மிருகக்காட்சி சாலைகளின் சங்கம் டெல்லியின் உறுப்பினர் தகுதியை இடைநிறுத்தியது. 2025 செப்டம்பரில் சங்கர் இறந்தது, வயது 29. யானைக்கு அது நடுவயதுகூட அல்ல.

இலங்கையில் நடந்தது இன்னும் தெளிவாகப் புரியவைக்கும். 2001இல் தாய்லாந்து கொடுத்த முத்துராஜா என்ற யானை ஒரு விகாரையில் ஊர்வலத்துக்கு நின்றது. முன்னங்கால் ஒன்று மடங்காமல் விறைத்துப் போயிருந்ததை விலங்கு ஆர்வலர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். தாய்லாந்து திரும்பக் கேட்டது. 2023 ஜூலை 2ஆம் தேதி, நான்கு டன் யானையைப் பெரிய ரஷ்யச் சரக்கு விமானம் ஒன்றில் ஏற்றி சியாங் மாய்க்குக் கொண்டுபோனார்கள். இலங்கைப் பிரதமர் தாய்லாந்து மன்னரிடம் வருத்தம் தெரிவித்தார். அதே இலங்கை 2015இல் அஞ்சலி என்ற குட்டியை நியூசிலாந்துக்குக் கொடுத்திருந்தது. அடுத்ததாக நந்தி என்ற குட்டியையும் கொடுப்பதாக 2016இல் அறிவித்தபோது பௌத்த பிக்குகளும் சூழல் அமைப்புகளும் நீதிமன்றம் போனார்கள். நந்தி போகவில்லை. ஆக்லாந்து பூங்காவோ இனி யானை வளர்ப்பதில்லை என்று முடிவுசெய்து, அஞ்சலியையும் அங்கே முன்பே இருந்த இன்னொரு யானையையும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டது. ஓர் உயிரின் வாழ்நாள் அளவுக்கு நம்முடைய முடிவுகள் நிலைப்பதில்லை. அனுப்புவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

கொடுத்ததைக் கேட்கிற உரிமையை எழுதி வைத்துக்கொள்ள முடியாதா? முடியும். சீனா 1984 முதல் பாண்டாவைப் பரிசாகக் கொடுப்பதில்லை, இரவலாகத்தான் தருகிறது. போன இடத்தில் பிறக்கிற குட்டியும் சீனாவுக்கே சொந்தம். அதில் பணமும் அரசியலும் நிறைய உண்டு, அதை முன்மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் போன விலங்கு எப்படி இருக்கிறது என்று கேட்க ஒரு கயிறாவது கையில் இருக்கிறது.

வெளிநாட்டுக்கு விலங்கு போவதே பாவம் என்றும் சொல்ல மாட்டேன். அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான் 1972இல் காட்டில் அற்றுப்போனது. அதற்குப் பத்து வருடம் முன்பே சிலவற்றைச் சேர்த்து அமெரிக்காவின் பீனிக்ஸ் மிருகக்காட்சி சாலையில் பெருக்கி வைத்திருந்ததால்தான் 1982இல் ஓமன் பாலைவனத்தில் திரும்ப விட முடிந்தது. பதினாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பியது அந்த மானைக் காப்பாற்றியது. அங்கே வீடு திரும்புவது என்ற எண்ணம் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஹிமெஜிக்குப் போன துளசியோ அதன் குட்டியோ என்றைக்காவது ஒரு காட்டுக்குத் திரும்பும் என்று எந்தத் திட்டமும் சொல்லவில்லை. காட்சிக்கு விலங்கு வேண்டும், அதனால் போகிறது. காப்பதற்காக அனுப்புவதையும் காட்டுவதற்காக அனுப்புவதையும் பரிமாற்றம் என்ற ஒரே சொல்லால் சொல்வதுதான் நம்மைக் குழப்புகிறது.

இப்போது உறவுக்காரரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொன்னதை ஒரு நாடு உண்மையிலேயே செய்து பார்த்தது. வறட்சியையும் ஊருக்குள் வரும் யானைகளையும் காரணம் காட்டி, காட்டில் இருந்த 170 யானைகளை விற்பதாக 2020 டிசம்பரில் நமீபியா அறிவித்தது. விலைபோனவை 57. அவற்றில் 22 யானைகள் 2022இல் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு விமானம் ஏறின. நமீபியாவில் இருபதாயிரத்துக்கு மேல் யானைகள் உண்டு. 22 போனதால் எந்தத் தோட்டம் தப்பியிருக்கும்? காட்டிலிருந்து குட்டிகளைப் பிரித்துச் சீனாவுக்கு ஜிம்பாப்வே அனுப்பியதைப் பார்த்துப் பதறித்தான், காட்டு ஆப்பிரிக்க யானையை அதன் சொந்த நிலப்பரப்புக்கு வெளியே பொதுவாக அனுப்பக் கூடாது என்று 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டீஸ் நாடுகள் முடிவெடுத்திருந்தன. ஆசிய யானைக்கும் அதே கண்டிப்பு வேண்டும், பூங்காவில் பிறந்ததற்கும் வேண்டும் என்பது என் எண்ணம்.

நம் மாவட்டத்திலேயே வேறு விதமாக ஒன்று நடந்திருக்கிறது. 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்குக்காக இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. உள்ளங்கையில் அடங்குகிற, ராத்திரியில் பூச்சி தின்கிற பிராணி. அய்யலூர்ப் பக்கத்து மக்கள் அதை அது இருக்கிற இடத்திலேயே விட்டுவைக்கக் கற்றுக்கொண்டார்கள். அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர் அங்கே போய், இருட்டில், பொறுமையாக நின்றால்தான் பார்க்க முடியும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு உறவுக்காரர், “அப்ப என் வாழைக்கு யாரு பதில் சொல்றது?” என்றார். அதுவும் சரிதான். யானை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்கிறவர்கள் அவருடைய நட்டத்தில் பங்கெடுக்க வேண்டும். இழப்பீடு நேரத்துக்கு வர வேண்டும், தார் முற்றும் மாதங்களில் அடிவாரத்தில் இரவுக் காவல் வேண்டும். ஒரு மனு எழுதிக் கொடு என்றார். சாய்ந்த வாழையை எண்ணி வந்து சொன்னார், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.