வணிக உறவுக்கு ஒரு பூங்கொத்து: பரிசா, கையூட்டா? நிறுவனங்கள் அறிய வேண்டியவை

தீபாவளி நெருங்கினால் நாட்டின் பெருநகர அலுவலகங்களில் பரிசுப் பெட்டிகள் குவியத் தொடங்கிவிடும். உலர்பழங்கள், இனிப்புகள், வெள்ளி நாணயங்கள், மின்னணுச் சாதனங்கள் என அந்தப் பட்டியல் நீளும். அவற்றுக்கு நடுவே, வாடிக்கையாளர்களுக்கும் வணிகப் பங்குதாரர்களுக்கும் பூக்களை அனுப்பும் வழக்கமும் பெருநிறுவனங்களிடையே நிலைபெற்றுள்ளது. இரண்டு மூன்று நாள்களில் வாடிவிடும் ஒரு பொருளை நிறுவனங்கள் ஏன் தேர்ந்தெடுக்கின்றன? அதற்கு வரம்புகள் ஏதேனும் உண்டா?

வாடுவதே வலிமை

விலையுயர்ந்த பரிசு, பெறுபவரைச் சங்கடத்தில் ஆழ்த்தக்கூடும். பதிலுக்கு ஏதேனும் செய்தாக வேண்டுமோ என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. பூவோ அப்படியன்று. அதைச் சேமித்து வைக்கவும் இயலாது; மறுவிற்பனை செய்யவும் இயலாது. நன்றியையோ வாழ்த்தையோ சொல்லிவிட்டு விலகிக்கொள்வதால், கடன்பட்ட உணர்வை அது பெரும்பாலும் ஏற்படுத்துவதில்லை. அலுவலக வரவேற்பறையில் வைக்கப்படும் பூங்கொத்து, தனி ஒருவருக்கான ஆதாயமாக இல்லாமல் அனைவரும் காணும் வாழ்த்தாக அமைந்துவிடுவதும் இதன் சிறப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

வணிகம் அல்லது தொழில் தொடர்பாக ஒருவருக்கு அளிக்கப்படும் ஆதாயங்களின் மொத்த மதிப்பு ஒரு நிதியாண்டில் ரூ.20,000-ஐத் தாண்டினால், அளிப்பவர் 10 சதவீத வரியைப் பிடித்தம் செய்து செலுத்த வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. சாதாரணப் பூங்கொத்து ஒன்று இந்த வரம்பை நெருங்காது. ஆனால், ஆண்டு முழுவதும் ஒரே நபருக்கு அனுப்பப்படும் பிற பரிசுகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பரிசாக வழங்கப்படும் பொருள்களுக்குச் செலுத்திய ஜிஎஸ்டி-க்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது என்பதும் கவனிக்கத்தக்கது.

அரசு ஊழியர்கள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மத்திய அரசு ஊழியர்கள் பரிசு பெறுவதற்கு 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் கட்டுப்பாடுகளை விதிக்கின்றன. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்யப்பட்ட திருத்தம், தொழில் ஆதாயத்துக்காக நிறுவனத்துடன் தொடர்புடைய ஒருவர் கையூட்டு கொடுத்தால், அந்த நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. எனவே, ஒப்பந்தப்புள்ளி பரிசீலனையில் இருக்கும் வேளையில் பூங்கொத்தைக்கூடத் தவிர்ப்பதே விவேகம். பரிசின் விலை மட்டுமன்றி, அது வந்து சேரும் நேரமும் ஐயத்துக்கு இடமளிக்கும்.

அரசு விழாக்களிலேயே பூங்கொத்துக் கலாசாரத்துக்குக் கடிவாளம் போடப்பட்டுள்ளது. பிரதமரின் மாநிலப் பயணங்களின்போது பூங்கொத்துகளைத் தவிர்க்குமாறும், அளிப்பதாயின் ஒற்றைப் பூவுடன் கதர்க் கைக்குட்டையோ புத்தகமோ தரலாம் என்றும் 2017-இல் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களை அறிவுறுத்தியது. கர்நாடக அரசும் 2021-இல் அரசு நிகழ்ச்சிகளில் மாலை, பூங்கொத்துகளைத் தவிர்த்து, கன்னட நூல்களை வழங்கலாம் என அறிவித்தது.

எப்போது, எப்படி?

பண்டிகைக் காலத்தில் வரும் நூறு பரிசுகளில் ஒன்றாகப் பூங்கொத்து போய்ச் சேர்ந்தால் அது நினைவில் நிற்காது. ஒரு திட்டம் நிறைவடைந்த நாள், புதிய கிளையின் திறப்பு, நீண்டகால அலுவலர் ஒருவரின் பணி ஓய்வு போன்ற தருணங்களே அதற்குப் பொருத்தமானவை. பண்டிகை, முகூர்த்த நாள்களில் பூ விலை ஏறுவதால், மற்ற நாள்களில் அனுப்புவது செலவையும் குறைக்கும். அச்சிட்ட அட்டையைவிட, பெறுபவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்த உதவியைக் குறிப்பிட்டுக் கையால் எழுதிய இரண்டு வரிகளுக்கு மதிப்பு அதிகம்.

வெளிநாட்டுப் பங்குதாரர்கள் என்றால் அவர்களின் மரபையும் அறிந்திருக்க வேண்டும். ஜப்பானில் வெள்ளைச் சாமந்தி இறுதிச் சடங்குடன் தொடர்புடையது. புதிய அலுவலகத் திறப்புக்கு ஆர்கிட் செடிகளை அனுப்புவதோ அங்கு வழக்கம். ரஷ்யாவில் இரட்டைப்படை எண்ணிக்கையிலான பூக்கள் துக்க நிகழ்வுக்கு உரியவை.

நடைமுறையில் அடிக்கடி நேரும் தவறு ஒன்றும் உண்டு. பழக்கூடையுடன் பூக்களைச் சேர்த்துக் கட்டினால், பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயுவால் கார்னேஷன், ஆர்கிட் போன்ற பூக்கள் விரைவில் வாடிவிடும். இரண்டையும் தனித்தனியே அனுப்புவதே நல்லது.

விவசாயிக்கும் பயன்

பெங்களூரு, ஓசூர், புணே சுற்றுவட்டாரப் பசுமைக்குடில்களில் விளையும் ரோஜா, ஜெர்பெரா, கார்னேஷன் ஆகியவை பூங்கொத்துகளில் பெருமளவில் இடம்பெறுகின்றன. திருமணம், பண்டிகை, காதலர் தினம் எனச் சில பருவங்களையே இந்தச் சந்தை பெரிதும் நம்பியுள்ளது. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் பூக்களின் தேவை சரிவதால் விவசாயிகள் பாதிக்கப்படுகின்றனர். நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் சீராக வாங்கினால், அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முடியும்.

பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்துக் காகிதத்திலோ துணியிலோ சுற்றித் தரக் கோருவதும், உள்ளூரில் விளைந்த பூக்களையே தேர்வதும் எளிய மாற்றங்களே. பூ வாடிய பின்னரும் எஞ்சியிருக்க வேண்டியது நல்லெண்ணம் மட்டுமே. குப்பையோ, குற்றச்சாட்டோ அல்ல.